அஸ்திவாரம் பழுதான வீட்டை முதலீடாக வாங்கலாமா? டெல்டாக்காரர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

கும்பகோணம், மன்னார்குடி, மயிலாடுதுறை பக்கம் ஒரு பழைய வீடு விலைக்கு வருகிறது. சுவரில் விரிசல், ஆனால் விலை மலிவு. வாங்கிப் போடலாமா என்று கேட்பவர்களில் பாதிப்பேர் சென்னையிலோ சிங்கப்பூரிலோ துபாயிலோ இருக்கிறார்கள். ஊரிலிருக்கும் மச்சான் நாலு போட்டோ எடுத்து அனுப்பியிருப்பார். சந்தேகங்கள் ஏறக்குறைய ஒன்றே என்பதால் அவற்றை இங்கே தொகுத்திருக்கிறேன். கேள்விகளைக் கேட்டவர்கள் பேச்சிலேயே விட்டிருக்கிறேன். ரூபாய்க் கணக்கு வழிகாட்டப் போட்டது மட்டுமே. உங்கள் ஊர் விலையை வைத்து மாற்றிக்கொள்ளுங்கள்.

"விரிசல் இல்லாத வீடே கிடையாதுன்னு தரகர் சொல்றார். நம்பலாமா?"

பாதி உண்மை. பூச்சில் நூல் மாதிரி ஓடும் விரிசல் எந்த வீட்டிலும் இருக்கும். சிமெண்ட் காயும்போது வருவது அது. மொட்டை மாடித் தளமும் சுவரும் சேரும் இடத்தில் படுக்கையாக ஓடும் கோடு வெயிலில் தளம் விரிந்து சுருங்குவதால் வருவது. பழைய வீட்டை ஒட்டிப் பின்னால் ஓர் அறை சேர்த்திருந்தால், இரண்டும் சேரும் இடத்தில் நெடுக்காக ஒரு கோடு வரும். இவை எதுவும் விலையைப் பெரிதாகக் குறைக்கக்கூடியவை அல்ல.

மீதிப் பாதியைத் தரகர் சொல்ல மாட்டார். அஸ்திவாரம் நகர்ந்து வந்த விரிசலும் அதே சுவரில்தான் இருக்கும். சுண்ணாம்பு அடித்துவிட்டால் இரண்டும் ஒரே மாதிரிதான் தெரியும்.

"அப்ப எது அஸ்திவார விரிசல்னு எப்படிக் கண்டுபிடிக்கிறது?"

ஜன்னல், வாசல்கால் மூலைகளிலிருந்து சாய்வாகக் கிளம்பி, செங்கல் இணைப்புகளில் படிக்கட்டு போல் ஏறும் விரிசல்தான் முதல் அடையாளம். அது வெறும் பூச்சா, கட்டு வேலையிலேயே ஓடியிருக்கிறதா என்று பாருங்கள். சுவரின் உள்பக்கம் தெரியும் விரிசல் வெளிப்பக்கமும் அதே இடத்தில் தெரிந்தால் கட்டு வேலையே பிளந்திருக்கிறது. விரிசல் மேலே அகலமாகவும் கீழே குறுகலாகவும் இருந்தால் பெரும்பாலும் வீட்டின் ஓரமோ மூலையோ இறங்கியிருக்கும். கீழே அகலமாக இருந்தால் நடுப்பகுதி இறங்கியிருக்கும்.

அகலத்துக்கு ஒரு ரூபாய்க் காசு போதும். காசை நிறுத்தி விளிம்பை நுழைத்தால் உள்ளே போகிறது என்றால் ஒன்றரை மில்லிமீட்டருக்கு மேல். சுண்டு விரல் நுனி போகிறது என்றால் அதற்கப்புறம் இன்ஜினியர் இல்லாமல் விலை பேசாதீர்கள்.

நாகப்பட்டினம், வேதாரண்யம் பக்கம் சுவரின் அடிப்பகுதி உப்புப் பூத்துப் பொரிந்து உதிர்வதைப் பலர் அஸ்திவாரக் கோளாறு என்று நினைத்துவிடுகிறார்கள். அது உப்புத் தண்ணீர் சுவரில் ஏறும் தொல்லை. அதற்கு வைத்தியமும் வேறு, செலவும் வேறு.

"நம்ம பக்கம் மட்டும் ஏன் இவ்வளவு வீடு வெடிக்குது? எங்க மாமா வீடு வல்லத்துல இருக்கு, ஒரு கோடு இல்லையே?"

மாமா வீடு நிற்பது செம்மண்ணும் சொறாங்கல்லும் கலந்த மேட்டில். தஞ்சாவூருக்குக் கிழக்கே இறங்கினால் வண்டலும் களியும். களிமண் தண்ணீர் குடித்தால் உப்பும், காய்ந்தால் சுருங்கும். கோடையில் வயல் பாளம் பாளமாக வெடித்துக் கிடப்பதைப் பார்த்திருப்பீர்கள். அதே மண்தான் வீட்டுக்கு அடியிலும் இருக்கிறது.

இதற்கு மேல் நம் ஊரின் தண்ணீர்க் கணக்கு. வழக்கப்படி மேட்டூர் அணை ஜூன் 12-ல் திறந்து ஜனவரி 28-ல் மூடப்படும். வாய்க்காலில் தண்ணீர், அக்டோபரிலிருந்து வடகிழக்குப் பருவமழை, நிலத்தடி நீர் மேலே. தை, மாசிக்கு அப்புறம் எல்லாம் வற்றத் தொடங்கும். வீட்டுக்கு நடுவில் உள்ள மண்ணைத் தரையும் கூரையும் மூடியிருப்பதால் ஈரம் அவ்வளவாக மாறாது. வெளிச்சுவர் ஓரத்து மண்தான் ஆண்டுதோறும் ஏறி இறங்கும். கடைக்கால், அதாவது அஸ்திவாரம், ஆழமில்லாமல் மூன்றடியில் நின்றுவிட்டால் சுவரும் கூடவே ஏறி இறங்கும். அணை தாமதமாகத் திறக்கும் ஆண்டில், கோடை நீண்டு, வழக்கமாக மூடிக்கொள்ளும் விரிசலும் திறந்தே கிடக்கும்.

"எந்த மாசம் போய்ப் பார்க்கிறது நல்லது?"

சித்திரை, வைகாசி. மண் நன்றாகக் காய்ந்து, விரிசல் வாய் திறந்து இருக்கும் காலம். விற்பவர்கள் பொங்கலுக்குச் சுண்ணாம்பு அடித்து, தை பிறந்ததும் ஆட்களைக் கூட்டிவருவார்கள். அப்போது மண்ணில் ஈரம் இருக்கும், சுவரும் வெள்ளையாக இருக்கும். அவர்கள் ஏமாற்றுகிறார்கள் என்று சொல்லவில்லை, தை மாதம் நல்ல மாதம்தானே. ஆனால் தையில் பார்த்துத் தையிலேயே அட்வான்ஸ் கொடுக்காதீர்கள். முடிந்தால் மழை ஓய்ந்ததும் ஒரு தரம், கத்திரி வெயிலில் ஒரு தரம்.

"நானே போய்ப் பார்த்தா என்னென்ன பார்க்கலாம்? கையில என்ன எடுத்துட்டுப் போகணும்?"

ஒரு டார்ச், மேலே சொன்ன காசு, தூக்குக்குண்டு, மேஸ்திரிகள் மட்டம் பார்க்கும் வாட்டர் டியூப். டார்ச்சைச் சுவரோடு ஒட்டிச் சாய்வாக அடியுங்கள். விரிசலை மறைக்க இழுத்த புட்டிப் பூச்சு, நேராக அடித்தால் தெரியாதது, சாய்ந்த வெளிச்சத்தில் தடிப்பாகத் தெரியும். பீரோவுக்குப் பின்னால், காலண்டருக்குப் பின்னால், பூஜையறை அலமாரிக்குள் பாருங்கள். அங்கெல்லாம் பெயிண்ட் அடிப்பவர் பெரும்பாலும் போயிருக்க மாட்டார்.

எல்லாக் கதவையும் ஜன்னலையும் திறந்து மூடுங்கள். கதவின் மேல் விளிம்பில் ஒரு மூலை மட்டும் சீவியிருந்தால், நிலைச்சட்டம் கோணியபோது கதவை இழைத்திருக்கிறார்கள் என்று பொருள். இழைத்த மரம் மற்ற இடத்தைவிட வெளிறியிருக்கும். தாழ்ப்பாளின் துளையைக் கீழேயோ மேலேயோ மாற்றித் துளைத்திருந்தாலும் அதே கதைதான்.

மட்டம் பார்க்கும்போது தரையை நம்பாதீர்கள். பழைய வீட்டில் முற்றத்துப் பக்கம் வேண்டுமென்றே வாட்டம் விட்டிருப்பார்கள். வெளியே வந்து, அஸ்திவாரம் முடிந்து சுவர் தொடங்கும் பேஸ்மட்டக் கோட்டிலோ ஒரே செங்கல் வரிசையிலோ டியூபைப் பிடியுங்கள். கட்டியபோது அது மட்டமாகத்தான் இருந்திருக்கும். 30 அடிச் சுவரில் ஓர் அங்குலத்துக்கு மேல் வித்தியாசம் வந்தால் அஸ்திவாரம் இறங்கியிருக்கிறது என்று எடுத்துக்கொள்ளலாம்.

அப்புறம் வீட்டைச் சுற்றி ஒரு நடை. செப்டிக் டேங்க் எந்த மூலையில்? கூரைத் தண்ணீர் எங்கே விழுகிறது? குளியலறைத் தண்ணீர் தென்னைக்குப் போகிறேன் என்று சுவரடியிலேயே தேங்குகிறதா? பெரிய மரம் எவ்வளவு பக்கத்தில்? விரிசல் இருக்கும் மூலையும் இவற்றில் ஒன்றும் ஒரே இடமாக இருந்தால் காரணம் பாதி பிடிபட்டுவிட்டது.

"விரிசல் பழசுதான், பத்து வருஷமா அப்படியேதான் இருக்குன்னு சொல்றாங்க. எப்படி நிச்சயப்படுத்துறது?"

முதலீட்டைத் தீர்மானிக்கும் கேள்வி இதுதான். விரிசல் எவ்வளவு பெரிது என்பதைவிட, நின்றுவிட்டதா, நகர்கிறதா என்பதில்தான் பணம் இருக்கிறது. அரை அங்குல விரிசல் நின்றுபோயிருந்தால் அதை அடைத்துவிட்டுக் குடியிருக்கலாம். நூல் போன்ற விரிசல் ஒவ்வோர் ஆண்டும் வளர்கிறது என்றால் அது செலவின் ஆரம்பம்.

விரிசலின் உள்ளே பாருங்கள். ஒட்டடை, தூசி, பழைய பெயிண்ட் உள்விளிம்பில் இருந்தால் பழையது. செங்கல் சிவப்பாக, விளிம்பு கூராக இருந்தால் புதிது. விற்பவர் சம்மதித்தால் பூச்சைச் சுரண்டிவிட்டு, விரிசலின் குறுக்கே மெல்லிய கண்ணாடித் துண்டை இரு பக்கமும் ஒட்டி, தேதி எழுதிவிட்டு வாருங்கள். நகர்ந்தால் கண்ணாடி உடையும். அதைவிட நல்லது விரிசலின் இரு பக்கமும் ஆணி அடித்து இடைவெளியை அளந்து எழுதிவைப்பது, ஏனென்றால் எவ்வளவு நகர்ந்தது என்றும் தெரியும். ஒரு மழையும் ஒரு கோடையும் தாண்டினால்தான் முழு விடை. அவ்வளவு காத்திருக்க முடியாதவர்கள், நகர்கிறது என்றே வைத்து விலை பேச வேண்டும்.

"நம்ம மேஸ்திரி முப்பது வருஷ அனுபவம் உள்ளவர். இன்ஜினியருக்கு வேற தண்டம் அழணுமா?"

மேஸ்திரி சுவரைப் பார்ப்பார். உங்களுக்குத் தெரிய வேண்டியது மண்ணைப் பற்றி. கட்டமைப்பு இன்ஜினியர் ஒருவரை வைத்து, விரிசல் விழுந்த மூலையில் ஒன்று, நல்ல மூலையில் ஒன்று என இரண்டு குழி தோண்டிப் பார்க்கச் சொல்லுங்கள். கடைக்கால் எவ்வளவு ஆழம், எதில் கட்டியது, அடியில் களியா மணலா, ஈரம் எப்படி என்று கண்ணாலேயே தெரியும். மண்ணை ஆய்வகத்துக்கு அனுப்பி உப்பும் தன்மையைப் பார்க்கலாம். தண்ணீரில் மண் எத்தனை சதவீதம் பெருக்கிறது என்ற சோதனை அது. 'ஃப்ரீ ஸ்வெல்' என்று கேளுங்கள், 50 சதவீதத்தைத் தாண்டினால் உஷார். இதற்கெல்லாம் ஆகும் செலவு பத்திரச் செலவில் ஒரு சிறு பங்குதான். விற்பவர் அனுப்பும் இன்ஜினியர் வேண்டாம், ரிப்பேர் காண்ட்ராக்ட்டை எடுக்கப்போகிறவரும் வேண்டாம்.

"அந்த இடம் முன்னாடி குட்டையா இருந்துச்சுன்னு டீக்கடையில சொன்னாங்க. பத்திரத்துல மனைன்னுதான் இருக்கு."

டீக்கடையை நம்புங்கள். தூர்த்த இடத்தில் களியோடு குப்பையும் இலைதழையும் சேர்ந்து கிடக்கும். பல ஆண்டுகள் இறங்கிக்கொண்டே இருக்கும், அதுவும் ஒரே சீராக இறங்காது. தெருவைவிட அந்த மனை பள்ளமாக இருப்பது, மழையில் அங்கே மட்டும் தண்ணீர் நிற்பது இரண்டும் துணைச் சான்று.

மண்ணோடு முடிகிற விஷயமில்லை. புல வரைபடத்தையும், நிலம் எந்த வகை என்று காட்டும் அ-பதிவேட்டையும் எடுங்கள். அந்தச் சர்வே எண் நீர்நிலைப் புறம்போக்கு, வாய்க்கால் என்று இருந்தால், மேலே இருக்கும் வீடு எவ்வளவு உறுதியாக இருந்தாலும் பயனில்லை. ஏரி, குளங்களில் ஆக்கிரமிப்பை அகற்ற 2007-லேயே தமிழ்நாட்டில் தனிச் சட்டம் வந்துவிட்டது. தனியார் பட்டாவில் இருந்த கொல்லைக்குட்டை என்றால் சட்டச் சிக்கல் இல்லை, மண் சிக்கல் மட்டும்.

"வீடு மட்டும்தான் எங்களுது, மனை கோயிலுக்குச் சொந்தம்னு விற்கிறவர் சொல்றார். விலை ரொம்பக் கம்மி. என்ன செய்யலாம்?"

அஸ்திவாரம் பழுதான வீடு என்றால், விட்டுவிடுங்கள். கோயில், மடத்து அடிமனையில் நிற்கும் வீடுகள் நம் பகுதியில் ஏராளம். தலைமுறையாகக் குடியிருப்பவர்களுக்கு அது ஒரு ஏற்பாடு. முதலீட்டாளருக்கு அப்படியல்ல. 1959-ம் ஆண்டின் அறநிலையச் சட்டம் 34-ம் பிரிவின்படி, ஆணையர் அனுமதியின்றிக் கோயில் நிலத்தை விற்க முடியாது. ஆகவே நீங்கள் வாங்குவது கட்டடத்தை மட்டும். கட்டடமோ விரிசல் விட்டது. மனை கையில் இல்லாதபோது பிறகு சொல்லப்போகும் விலைக் கணக்கு எதுவும் நிற்காது.

"ரிப்பேர்னா என்ன செய்வாங்க? சிமெண்ட் வச்சு அடைச்சா போதாதா?"

அடைப்பது கடைசி வேலை. முதலில் தண்ணீர். செப்டிக் டேங்க் கசிவை நிறுத்துவது, கூரைத் தண்ணீரைக் குழாயில் தூரக் கொண்டுபோவது, வீட்டைச் சுற்றி மூன்று நான்கு அடி அகலத்துக்கு வெளிப்பக்கம் வாட்டத்தோடு தளம் போட்டு மண்ணின் ஈரத்தை ஒரே நிலையில் வைப்பது. பல வீடுகளில் இதிலேயே நகர்வு அடங்கிவிடும். மரத்தை மட்டும் அவசரப்பட்டு வெட்டாதீர்கள். களிமண்ணில் பெரிய மரம் போனால், அது குடித்துக்கொண்டிருந்த ஈரமெல்லாம் மண்ணிலேயே தங்கி, சுவரை மேலே தூக்கும் ஆபத்து உண்டு.

அதிலும் அடங்காவிட்டால், இருக்கும் கடைக்காலுக்கு அடியில் தோண்டி ஆழத்தில் கான்கிரீட் கொடுக்க வேண்டும். அண்டர்பின்னிங் என்பார்கள். நாலடி நீளம் தோண்டி, கான்கிரீட் போட்டு, இறுகிய பிறகு ஒன்று விட்டு ஒன்றாக அடுத்த துண்டு. ஒரே நாளில் சுவர் நெடுகத் தோண்டுகிறேன் என்று யாராவது சொன்னால் அவரை வாசலோடு அனுப்பிவிடுங்கள், சுவர் சாய்ந்துவிடும். களி மூன்றடியில் முடிந்து கீழே மணல் வந்தால் வேலை சுலபம். களி ஆழமாகப் போகிறது என்றால் செலவு எங்கே நிற்கும் என்று குழியைப் பார்க்காமல் யாராலும் சொல்ல முடியாது.

"ஜாக்கி வச்சு வீட்டையே தூக்குறாங்களே, அது சரிவராதா?"

அது தெரு உயர்ந்து வீடு பள்ளமானதற்கு. கீழே உள்ள மண் அதேதான் என்றால், தூக்கிய வீடும் அதே மூலையில் இறங்கும். அடியில் புதிய அஸ்திவாரம் கொடுத்துத் தூக்குவது சாத்தியம். ஆனால் சுண்ணாம்புக் காரையில் கட்டிய, சுவர்களைச் சுற்றிப் பிடித்துக் கட்டும் பெல்ட் கான்கிரீட் இல்லாத பழைய வீட்டில் நான் அதற்குப் பணம் போட மாட்டேன்.

"விஷயத்துக்கு வாங்க. எவ்வளவு கொடுக்கலாம்?"

ஒரு கணக்குப் போடுவோம். 2,400 சதுரடி மனை, அக்கம்பக்கத்தில் காலி மனை சதுரடி 1,500 ரூபாய், ஆக மனை மட்டும் 36 லட்சம். அதே தெருவில் நல்ல வீடு 55 லட்சத்துக்குப் போகிறது. விரிசல் வீட்டுக்கு 48 கேட்கிறார்கள், 'ஏழு லட்சம் லாபம்' என்று. ரிப்பேருக்கு இன்ஜினியர் 9 லட்சம் சொல்கிறார். தோண்டிய பிறகு வரும் எதிர்பாராத செலவுக்கு மூன்றிலொரு பங்கு சேர்த்து 12 என்று வையுங்கள். ரிப்பேர் செய்த வீடு என்ற பேச்சு இருப்பதால் பின்னால் விற்கும்போது 5 லட்சம் குறையும்.

குடியிருக்க வாங்குபவருக்கு: 55-ல் 12-ம் 5-ம் போனால் 38 லட்சம். இடித்துவிட்டு மனையாக வைத்துக்கொள்பவருக்கு: இடிப்புச் செலவில் தேக்கு மரமும் செங்கலும் விற்ற காசு போக ஒன்றரை லட்சம் என்றால், 34.5 லட்சம். சரிசெய்து விற்க நினைப்பவருக்கு: 50-க்கு விற்று, 12 ரிப்பேர், வட்டியும் தரகும் 4, மீதி 34. அதற்குள் முத்திரைத்தாளும் பதிவுக் கட்டணமும் சேர்ந்த 9 சதவீதம் அடங்க வேண்டும், ஆக சுமார் 31 லட்சம். அதில் லாபம் என்று ஒரு ரூபாய்கூட இன்னும் வரவில்லை.

ஒரே வீடு, மூன்று விலை. வியாபாரத்துக்கு வாங்குபவருக்கு இந்த வீடு காலி மனையைவிட மதிப்புக் குறைவு. அதனால் என் அபிப்பிராயம் இதுதான்: மனைக்கு மட்டும் விலை கொடுங்கள். வீட்டுக்குக் காசு கொடுப்பது, விரிசல் நின்றுவிட்டது என்று மேலே சொன்ன அளவுகளில் நிரூபணமானால் மட்டும். வாடகைக் கணக்கும் கைகொடுக்காது. மாதம் 10,000 வந்தால் ஆண்டுக்கு 1,20,000, அதாவது 38 லட்சத்தில் மூன்று சதவீதம் சொச்சம். வங்கி வைப்பே மேல்.

"பேங்க் லோன் கிடைக்குமா? இன்சூரன்ஸ் போட்டுக்கிட்டா கவலை இல்லைதானே?"

வங்கியின் மதிப்பீட்டாளர் விரிசலைப் பார்த்தால் கட்டடத்தின் மதிப்பை வெட்டுவார். மீதியைக் கையிலிருந்து போட வேண்டும். ரிப்பேருக்கும் ரொக்கம் வேண்டும் என்பதை மறக்காதீர்கள்.

இன்சூரன்ஸ் இதற்கு உதவாது. 2021 முதல் வந்திருக்கும் பாரத் கிருஹ ரக்ஷா பாலிசியில் வெள்ளம், புயல், நிலம் உள்வாங்குதல் எல்லாம் உண்டு. ஆனால் புதுக் கட்டடத்தில் வழக்கமாக வரும் விரிசலும் இறக்கமும், தூர்த்த மண் இறங்குவதும், கட்டியதில் இருந்த குறையும் அதில் விலக்கு. குட்டைக் கேள்விக்கு மறுபடி போய்ப் பாருங்கள்.

"விற்கிறவர் மறைச்சுட்டா கேஸ் போடலாம்ல?"

1882-ம் ஆண்டின் சொத்து மாற்றுச் சட்டம் 55-ம் பிரிவு, தனக்குத் தெரிந்த முக்கியக் குறையை விற்பவர் சொல்ல வேண்டும் என்கிறது. ஆனால் வாங்குபவர் சாதாரணக் கவனத்தோடு பார்த்தால் தெரியாத குறைக்குத்தான் அது. சுவரில் தெரிந்த விரிசலைப் பார்க்கவில்லை என்று நீதிமன்றத்தில் சொல்வது கடினம். அந்தப் பிரிவு நீங்கள் விற்கும்போது உங்களுக்கும் பொருந்தும்.

"ஒரு வருஷத்துல சரி பண்ணி வித்துடலாம்னு இருக்கேன். வரி எப்படி?"

24 மாதத்துக்குள் விற்றால் லாபம் குறுகிய காலக் கணக்கில் உங்கள் வருமானத்தோடு சேர்ந்து, உங்கள் வரி விகிதத்திலேயே வரி. அதற்கு மேல் வைத்திருந்தால் 12.5 சதவீதம். அஸ்திவார வேலைச் செலவைக் கழிக்கலாம், பில் இருந்தால். மேஸ்திரிக்குக் கையில் கொடுத்ததற்கெல்லாம் கணக்கு கிடையாது. தவிர ஒரு வருடத்துக்குள் விற்றால், ரிப்பேர் முடிந்த பிறகு ஒரு முழு மழையும் கோடையும் நீங்களே பார்த்திருக்க மாட்டீர்கள், அடுத்து வாங்குபவரிடம் என்ன சொல்வீர்கள்?

"அக்ரஹாரத்து வீடு. பக்கத்து வீட்டுக்கும் நமக்கும் ஒரே சுவர். விரிசல் அந்தச் சுவர்லதான்."

இருப்பதிலேயே கடினமானது இது. அந்தச் சுவரின் அடியில் தோண்டப் பக்கத்து வீட்டார் சம்மதம் வேண்டும். அவர்கள் ஆளே இல்லாமல் பூட்டிக் கிடக்கலாம், அல்லது ஐந்து பங்காளிகள் இருக்கலாம். காரணமும் அந்தப் பக்கமே இருக்கலாம், உதாரணமாக அவர்கள் கிணற்றடித் தண்ணீர். நீங்கள் வீட்டை இடித்தால் அவர்கள் சுவருக்கு ஆதரவு போகும், வழக்கு வரும். ஆகவே மேலே சொன்ன 'இடித்த மனை' விலையும் இங்கே செல்லாது. எழுத்தில் சம்மதம் கிடைத்தால் பேசுங்கள், இல்லாவிட்டால் வேறு வீடு பாருங்கள்.

"இடிச்சுட்டுப் புதுசா கட்டினா அதே மண்ணுதானே? திரும்ப வெடிக்காதா?"

ஈரம் மாறும் ஆழத்தைத் தாண்டிப் போய்விட்டால் வெடிக்காது. இந்த மாதிரி மண்ணுக்கென்றே ரூர்க்கி கட்டட ஆராய்ச்சி நிறுவனம் உருவாக்கியது அண்டர் ரீம்டு பைல்: அடியில் குமிழ் போல் அகன்ற கான்கிரீட் தூண்கள், சுமார் மூன்றரை மீட்டருக்கு இறங்கி, மேலே பீம்களால் கட்டப்பட்டவை. பீமுக்கும் மண்ணுக்கும் இடையே கொஞ்சம் இடைவெளி விட வேண்டும், மண் உப்பினால் பீமைத் தூக்காமல் இருக்க. அந்த இடைவெளியை மண்ணால் மூடிவிடுவார்கள், கூட நின்று பாருங்கள்.

"அட்வான்ஸ் கொடுத்துட்டேன். இப்பதான் விரிசலைக் கவனிச்சேன். போனது போனதுதானா?"

அவசரப்பட்டு மீதியையும் கொடுத்துவிடாதீர்கள். ஒப்பந்தத்தில் காலக்கெடு எவ்வளவு, அட்வான்ஸ் திரும்புவது பற்றி என்ன எழுதியிருக்கிறது என்று முதலில் பாருங்கள். கெடு இருக்கும்போதே இன்ஜினியரைக் கூட்டிப்போய்க் குழி தோண்டிப் பார்த்து, அறிக்கையைக் கையில் வைத்துக்கொண்டு விலையைக் குறைக்கப் பேசுங்கள். பல விற்பனையாளர்கள் இறங்கி வருவார்கள், ஏனென்றால் அந்த அறிக்கை ஊரில் பரவினால் அடுத்த ஆளும் அதையே கேட்பார். கெடுவை நீட்டிக் கோடைவரை பார்ப்பதாக முடிவானால், வாய்ப்பேச்சோடு விடாமல் ஒப்பந்தத்தின் பின்பக்கத்திலேயே புதிய தேதியை எழுதி, இரு தரப்பும் சாட்சிகளோடு கையெழுத்துப் போட்டுக்கொள்ளுங்கள். ஒப்பந்தம் பதிவானது என்றால் நீட்டிப்பையும் பதிய வேண்டுமா என்று வக்கீலிடம் கேட்டுவிடுங்கள்.